சிவப்பு மூடி

பதினெட்டாங்கட்டைக்காரர்களிடம் போய் மினரல் வேண்டும் என்று கேட்டால், கேட்டவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். காரணம் இருக்கிறது. அவர்களிடம் மினரல் இரண்டு வகை. நீல மூடி போட்ட போத்தலில் தண்ணீர். சிவப்பு மூடி போட்டதில் சம்சு என்கிற மலிவுச் சாராயம்.

பதினெட்டாங்கட்டைத் தோட்டத்தில் இருந்தவரை இந்தக் கூத்தெல்லாம் தேவைப்படவில்லை. பந்தாட்டம் முடிந்ததும் செம்பனை நிழலில் வட்டமாக உட்கார்ந்து பட்டப்பகலில் குடித்தார்கள். கேட்க ஆளில்லை. பிறகு தோட்டம் கைமாறியது. லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டு எல்லாரும் பண்டார் தெங்காராவில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குக் குடிவந்தார்கள். ஊர் போனாலும் பேர் போகவில்லை. 'பதினெட்டாங்கட்டை விளையாட்டு மன்றம்' என்ற பலகையும் தட்டுமுட்டுச் சாமான்களோடு லோரியில் ஏறி வந்தது. நகராண்மைக் கழகம் பந்தாடத் திடல் கொடுத்தது, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. திடலில் மது கூடாது. எதிரே சூராவ் என்கிற தொழுகைக்கூடம், அதைத் தாண்டினால் பள்ளிக்கூடம், நியாயமான நிபந்தனைதான். மன்றத்தார் நல்ல பிள்ளைகளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, அடுத்த சனிக்கிழமையே சம்சுவில் எலுமிச்சை சோடாவைக் கலந்து மினரல் போத்தலில் ஊற்றிக்கொண்டார்கள். அப்படியொரு மூளை. அதில் கால்வாசியைப் பந்தாட்டத்தில் காட்டியிருந்தால் ஜொகூர் பாருவரை போய்க் கோப்பை வாங்கி வந்திருக்கலாம்.

சிவப்பு மூடி சங்கதி மன்றத்தில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் என்றால் ஆண்களுக்கு. பெண்களிடமும் பிள்ளைகளிடமும் யாரும் சொன்னதில்லை. அவர்கள்தான் திடல் பக்கமே வருவதில்லையே என்று விட்டுவிட்டார்கள்.

அப்படி வராமல் இருந்தவர்களை வா வா என்று கூப்பிட்டதும் இதே மன்றம்தான். திடலை ஒரு கூட்டம் மட்டும் வளைத்துப் போட்டிருப்பதாகக் கழகத்துக்கு யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள். உடனே தலைவர் மனோகரனுக்கு ஞானம் வந்தது. 'குடும்பத்தோடு வாருங்கள், ஆரோக்கியமாக வாழுங்கள்' என்று பெரிய பதாகை அடித்துத் திடல் வேலியில் கட்டினார். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சிறுவர் சிறுமியருக்குப் பந்துப் பயிற்சி. கழகத்து அதிகாரி வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். படத்தில் முன்வரிசையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றவள் லோஷினி. பிரவீனாவின் ஒரே மகள், ஒன்பது வயது.

பிரவீனா செனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். காலை ஐந்தே முக்காலுக்குத் தொழிற்சாலை பஸ். பன்னிரண்டு மணி நேரம் பூதக்கண்ணாடி விளக்குக்குக் கீழே கண்ணை நட்டு, நகத்தளவு தகடுகளில் குறை தேட வேண்டும். புருஷன் செல்வா லோரி ஓட்டுகிறான். தோட்டம் தோட்டமாகப் போய்ச் செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது அவன் வேலை. இருவரும் இப்படி ஓட, லோஷினி வீட்டில் கைப்பேசியும் தானுமாகக் கிடந்தாள். அவளுக்குப் பேச்சு திக்கும். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்ததால் வாயைத் திறப்பதே குறைந்துவிட்டது. திடலுக்கு வந்த மூன்றாம் வாரம் பிரவீனா ஓர் அதிசயத்தைக் கண்டாள். இடது காலால் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடிய மகள், "இங்க குடு! எனக்குக் குடு!" என்று கத்தினாள். ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை. பிரவீனா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவளுக்கு இந்த உலகத்தில் அந்தத் திடலைவிடப் பெரிய இடம் கிடையாது.

அதனால்தான் அவ்வளவு பாடுபட்டாள். பூட்டியே கிடந்த கழிவறையின் சாவியை வாங்கி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தானே தேய்த்துக் கழுவினாள். பிள்ளைகளுக்குக் கலர் தண்ணீருக்குப் பதில் தர்பூசணியும் அவித்த கடலையும் கொண்டுவந்தாள். தலைவரின் மனைவி புஷ்பவள்ளி மேசை போட்டு மீ கோரேங் நூடுல்ஸ் விற்பவள், அவளே எண்ணெயைக் குறைத்துக் கீரையைக் கூட்டிப் போட ஆரம்பித்தாள். சிகரெட்டை மட்டும் அந்தப் பக்கமாய்ப் போய் ஊதுங்கள் என்று பிரவீனா கேட்டபோது, "அலமாக், மேடம் வந்துட்டாங்க, எந்திரிங்கடா," என்று சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை அது நடந்தது. காலையிலிருந்து மழை வருவது போல இருட்டிக்கொண்டு வந்து, ஏமாற்றிவிட்டு, மாலையில் வெயில் சுள்ளென்று அடித்தது. தரையிலிருந்து ஆவி எழும்பியது. பிரவீனா புஷ்பவள்ளியின் மேசையில் நின்று தர்பூசணி அறுத்துக்கொண்டிருந்தாள். பயிற்சியின் இடைவேளையில் லோஷினிக்கு நாக்கு வறண்டது. கிட்டத்தில் இருந்தது பெரியவர்களின் ஐஸ் பெட்டி. அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் மன்றச் செயலாளர் மதிவாணன்.

"அங்கிள், த... தண்ணி."

மதிவாணனின் கண் திடலில் இருந்தது. "மினரல் உள்ள இருக்கு பாப்பா, எடுத்துக்க," என்றான். பெட்டியில் நீல மூடிகள் கீழே, சிவப்பு மூடிகள் மேலே. கைக்கு எட்டியதை எடுத்தாள். ஒரு மாதிரி கசந்ததாம், ஆனால் ஜில்லென்று எலுமிச்சை வாசமாக இருந்ததாம். அங்கிள்தானே எடுக்கச் சொன்னார்? பாதிப் போத்தலைக் குடித்துவிட்டு மறுபடி ஓடினாள்.

கால் மணி நேரத்தில் கால் பின்னியது. "பாப்பா டான்ஸ் ஆடுதுடா," என்று பெட்டிப் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் பிரவீனா திரும்பினாள். பிள்ளை கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தது. அப்புறம் கண் செருகியது. வாரித் தூக்கிய பிரவீனாவுக்கு மகளின் வாயிலிருந்து அடித்த நாற்றம் என்ன நாற்றம் என்று நம்பவே முடியவில்லை. புஷ்பவள்ளி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வேனை எடுத்தாள். கூலாய் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பிரவீனா மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில்தான் லோஷினி கண்ணை விழித்து அம்மா என்றாள். இரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டதாம். "இன்னும் கொஞ்சம் குடித்திருந்தால்..." என்று ஆரம்பித்த மலாய் டாக்டரம்மா அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. எங்கே குடித்தாள், யார் கொடுத்தது, எல்லாம் எழுத வேண்டும், பிள்ளை சம்பந்தப்பட்டது என்பதால் போலீசுக்கும் போகும், இரண்டு மணிக்கு அதை நிரப்பும் படிவத்தை, பாரம் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு மணிக்குத் தலைவர் மனோகரன் வந்தார். கையில் ஒரு பை ஆரஞ்சு, பெரிய டின்னில் சத்துமாவு. கட்டிலுக்கு அந்தப் பக்கம் செல்வா உட்கார்ந்திருந்தான். நேற்று ஆலையில் லோரி வரிசையில் நின்றவனுக்குச் செய்தி போய், குலைகளைக் கொட்டாமலேயே வந்தவன்.

"பாப்பா எப்படி இருக்கு தங்கச்சி?"

"உசுரோட இருக்குண்ணே."

"கடவுள் புண்ணியம். டாக்டர் ஏதும் கேட்டாங்களா, எங்க, என்னன்னு?"

"ரெண்டு மணிக்குப் பாரம் கொண்டு வராங்க."

மனோகரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "வீட்டுலன்னு சொல்லிருங்க தங்கச்சி."

"என்னது?"

"பாப்பா வீட்டுல குடிச்சிருச்சுன்னு. செல்வா வாங்கி வெச்சிருந்தான், புள்ள தெரியாம எடுத்துருச்சு, அவ்ளோதான். எந்த வீட்டுல போத்தல் இல்ல, சொல்லுங்க? திடல்னு சொன்னா கழகம் சும்மா விடாது. திடல் போச்சுன்னா மன்றமே போச்சு. எங்கப்பா காலத்துலேருந்து இருக்குற மன்றம் லா இது."

"வீட்டுலன்னா அம்மா எங்க போயிருந்தான்னு கேப்பாங்களேண்ணே."

"சமையல் பண்ணிட்டு இருந்தேன்னு சொல்லுங்க."

பிரவீனாவுக்கு உச்சந்தலைவரை சூடு ஏறியது. கழிவறை கழுவியவள் இவள். பழம் அறுத்தவள் இவள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளும் இவள். கடைசியில் பிள்ளையைக் கவனிக்காமல் சமையல்கட்டில் நின்ற தாய் என்று அரசாங்கத் தாளில் ஏற வேண்டியவளும் இவள்தானாம். இதைக் கேட்க அந்த மனுஷனுக்கு வாய் கூசவில்லை, ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கேட்கிறார்.

"நான் சொல்ல மாட்டேன். யாரு அந்தப் போத்தல்ல ஊத்துனாங்களோ அவங்க வந்து பதில் சொல்லட்டும். யாருண்ணே ஊத்துனது?"

மனோகரன் எழுந்துகொண்டார். "அத உங்க வீட்டுக்காரர்கிட்டயே கேளுங்க. கேட்டுட்டு அப்புறம் யோசிச்சு சொல்லுங்க," என்று செல்வாவின் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

பிரவீனா புருஷனைப் பார்த்தாள். அவன் டிரிப் குழாயில் சொட்டு விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களா?"

"ம்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமா. லோரி சம்சு கெடைக்கிற பக்கம் போவுது, வர வழியில வாங்கிட்டு வாடான்னு தலைவர் சொன்னாரு. ஆலைக்கு வெளிய வெச்சு ஊத்தி, மதிவாணன்கிட்ட குடுத்து அனுப்பிருவேன்."

"எதுக்கு செவப்பு மூடி?"

"அடையாளத்துக்கு."

"யாருக்கு அடையாளம்?"

"எங்களுக்கு."

"அவளுக்கு?"

செல்வா முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுகிறான் என்று தெரிந்தது, ஆனால் பிரவீனாவுக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. தன் பிள்ளை ஓடுகிற திடலில் தன் கையாலேயே விஷத்தை வைத்துவிட்டு, அதற்கு மூடியும் மாற்றி வைத்த மனுஷன். அவள் எழுந்து மனோகரனின் பழப்பையையும் டின்னையும் தூக்கிக்கொண்டு போய், "யாருக்காச்சும் குடுத்துருங்க மிசி," என்று தாதியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, நான் உண்மையத்தான் சொல்லப் போறேன். உங்க பேரு வந்தாலும் வரட்டும்."

"சொல்லு."

இரண்டு மணிக்கு டாக்டரம்மா பாரத்தோடு வந்து எங்கே என்று கேட்டார். "டி பாடாங்," திடலில் என்றாள் பிரவீனா. யார் வைத்தது என்று கேட்டதும் அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் செல்வா எழுந்து நின்று, "சாயா, டாக்டர்," என்றான். நான்தான்.

அதன்பிறகு போலீஸ், விசாரணை, கையெழுத்து என்று இரண்டு வாரம் போனது. கழகம் திடலைப் பிடுங்கவில்லை. திடல் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுக்கவும் என ஒரு கடிதம் மட்டும் வந்தது. அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத மன்றம் கூட்டம் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி. பாலாய் ராயா மண்டபத்தின் தகரக் கூரையில் மழை கொட்டியது. முன்னால் ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பின்கட்டில் புஷ்பவள்ளியும் நாலைந்து பெண்களும் தேத்தண்ணி கொதிக்க வைத்து வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். பிரவீனா பின்கட்டுக்குப் போகவில்லை. லோஷினியைக் கூட்டிக்கொண்டு கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாள். சில தலைகள் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன.

முதல் தீர்மானம் செல்வாவைப் பற்றியது. மன்றத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்ததால் ஓராண்டுத் தடை. பட்டுப் பட்டென்று கைகள் உயர்ந்தன. இரண்டு வருஷமாக அவன் ஊற்றியதை வாங்கி வாங்கிக் குடித்த கைகள் அத்தனையும். வாங்கிவரச் சொன்னவர் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார். செல்வா எழுந்து போய்ச் சுவரோரமாக நின்றான்.

"ரெண்டாவது தீர்மானம்," என்று மனோகரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "பாதுகாப்பைக் கருதி, பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் பெண்களும் இனித் திடலுக்குள் அனுமதிக்கப்படமாட்டார்கள். சிறுவர் பயிற்சி நிறுத்தப்படுகிறது. ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது. சரிதானே? மதி, எழுதிக்க."

பிரவீனா எழுந்து நின்றாள். "ஓட்டே எடுக்கலியேண்ணே. அதுக்குள்ள எப்படி ஏகமனதாகும்?"

"எடுத்தா போச்சு. ஆனா தங்கச்சி, நீங்க உக்காருங்க. மன்றச் சட்டம் குடும்பத்துக்கு ஒரு ஓட்டு. குடும்பத்தலைவர்தான் போடணும். செல்வா போட்டா நீங்க போட்ட மாதிரிதான்."

"அவருக்குத்தான் இப்ப தடை போட்டுட்டீங்களே?"

"ஆமா. அவருக்கு ஓட்டு இல்ல."

"அவருக்குத்தானே தடை? குடும்பத்துக்குத் தடையா?"

மனோகரன் செயலாளர் பக்கம் திரும்பினார். மதிவாணன் பழுப்பேறிய சட்டப் புத்தகத்தைப் புரட்டினான். தோட்டத்துக் காலத்தில், அப்பன் ஆலையில் வேலையாக இருந்தால் மகன் வந்து ஓட்டுப் போடட்டும் என்று எழுதி வைத்த விதி ஒன்று அதில் இருந்தது. அவன் தலை நிமிராமலேயே வாசித்தான். "குடும்பத்தலைவர் வாக்களிக்க இயலாத பட்சத்தில், அக்குடும்பத்தில் அடுத்த மூத்தவர்... மகன்னு போடலண்ணே. மூத்தவர்னுதான் போட்டிருக்கு."

"அப்ப நான்தான்," என்றாள் பிரவீனா. "நான் எதிர்த்து ஓட்டுப் போடறேன். ஏன்னும் சொல்லிடறேன். இத்தன வருஷமா போத்தல மறைச்சீங்க. இப்ப புள்ளைங்கள மறைக்கப் பாக்குறீங்க. திடல்ல ஆபத்தா இருந்தது எது, என் மகளா? கழகம் பாதுகாப்பு கேட்டா பெட்டியத் தூக்கி வெளிய போடணும். நீங்க புள்ளையத் தூக்கி வெளிய போடறீங்க. ஒங்களுக்குக் குடிக்கணும்னா வீட்டுல போய்க் குடிங்களேன். எங்கள வீட்டுல இருக்கச் சொல்றதுக்கு இது என்ன ஒங்க அப்பன் வீட்டுத் திடலா?"

"வார்த்தைய பாத்துப் பேசுங்க!" என்று யாரோ கத்தினார்கள். மனோகரன் கையமர்த்தி, ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். இந்த முறை பட்டென்று உயரவில்லை. ஒன்றிரண்டாக, பக்கத்தில் இருப்பவன் தூக்குகிறானா என்று பார்த்துப் பார்த்து உயர்ந்தன. பதினெட்டு. மதிவாணன் தூக்கவில்லை. எழுதுகிற கை என்று சாக்குச் சொல்லலாம், இன்னொரு கை சும்மாத்தான் இருந்தது.

"எதிர்ப்பு?"

பிரவீனா கையை உயர்த்தினாள். "ஒண்ணு," என்றார் மனோகரன். அவர் சொல்லி முடிக்கும் முன் பின்கட்டு வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெண்டு."

புஷ்பவள்ளி கடலைமாவு ஒட்டிய கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். "தலைவர் ஓட்டுப் போட மாட்டாருதானே? சரிசமமா வந்தாத்தான் போடுவாரு. அப்ப எங்க வீட்டு ஓட்டு சும்மாத்தானே கெடக்கு?"

"புஷ்பா, என்ன இது? வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"வீட்டுல பேசுனா மினிட்டுப் புத்தகத்துல வராதுங்க. அந்தப் புள்ள என் பக்கத்துல அம்மா மடியில கெடந்து வலிச்சுக்கிட்டு வந்துச்சு. ஒரு கையால ஓட்டிக்கிட்டு ஒரு கையால புடிச்சுக்கிட்டு வந்தவ நானு. மதி, ரெண்டுன்னு எழுது."

மதிவாணன் தலைவரைப் பார்க்கவில்லை. ஏகமனதாக என்று எழுதியிருந்ததைக் குறுக்காக ஒரு கோடு போட்டு அடித்தான். ஆதரவு பதினெட்டு, எதிர்ப்பு இரண்டு என்று எழுதினான்.

என்ன எழுதி என்ன? தீர்மானம் நிறைவேறிவிட்டது. மனோகரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆண்கள் நாற்காலியை நகர்த்தி எழுந்தார்கள். ஒருவன் பஜ்ஜித் தட்டைத் தேடினான். அப்போதுதான் லோஷினி அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மழை விட்டிருந்ததால் அவள் மெல்லக் கேட்டதும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அம்மா, அ... அப்பா தப்பு பண்ணாங்க, தடை போட்டாங்க. நா... நான் என்ன தப்பு பண்ணேன்?"

எழுந்தவர்கள் எழுந்த இடத்திலேயே நின்றார்கள். பிரவீனா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தலைவர் முதல் பஜ்ஜித் தட்டைத் தேடியவன் வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நீ தண்ணி கேட்டேடி," என்றாள். "அதான் தப்பு."